கம்பி கட்ட வந்தவரின் கரை

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இருக்கும் நாகூர் தர்காவின் எதிரே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். 1828இல் தொடங்கி 1830இல் கட்டி முடித்த கட்டடம் அது. சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றியாக நாகூர் ஆண்டவர் நினைவில் எழுப்பினார்கள். கப்பலை விட்டு இறங்கினால் நேரே தர்கா. 1880களில் அந்தக் கரையைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது அங்கே நின்றால் தெரிவது அலுவலகக் கோபுரங்கள். கொஞ்சம் நடந்தால் மரினா பே வரும், ஆனால் அதுவும் இப்போது கடல் இல்லை. 2008இல் மரினா அணை வந்தபிறகு அது குடிநீருக்கான ஏரி.

கடலைத் தள்ளித் தள்ளியே வளர்ந்த ஊர் இது. சுதந்திரம் வாங்கிய காலத்தில் 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. சனிக்கிழமை நாம் குடும்பத்தோடு போய்க் கோழி வாட்டும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க், அதற்குப் பின்னால் நிற்கும் மரீன் பரேட் வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடுகள், எல்லாம் பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டிய மண்ணின் மேல்தான் இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, கடல் மட்டம் உயர்கிறது என்ற செய்தி வந்தால் இங்கே யாருக்கும் பெரிதாகப் பதற்றம் வருவதில்லை. "கவர்மெண்ட் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம்.

கவர்மெண்ட் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. 2019 தேசிய தினப் பேரணியில் பிரதமராக இருந்த லீ சியன் லூங், அடுத்த நூறு ஆண்டுகளில் கடலிலிருந்து தீவைக் காக்க 100 பில்லியன் வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலோ தேவைப்படலாம் என்றார். தீவில் சுமார் 30 விழுக்காடு நிலம் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது. 2024இல் வெளிவந்த கணிப்புப்படி, உலகம் இப்படியே புகை விட்டுக்கொண்டிருந்தால் 2100க்குள் இங்கே கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம். 2020இலிருந்தே கடற்கரைப் பாதுகாப்பைப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்தைக் கடல் மட்டத்துக்கு 5.5 மீட்டர் மேலே கட்டுகிறார்கள். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே லாங் ஐலண்ட் என்று சுமார் 800 ஹெக்டேரில் புதுக் கரையே வரப்போகிறது.

புலாவ் தெக்கோங் தீவில் இன்னொரு வித்தை. கடலுக்குள் நீளமாகக் கரை எழுப்பி, உள்ளே இருக்கும் தண்ணீரை பம்ப் வைத்து இறைத்து, கடல் மட்டத்துக்கும் கீழே நிலம் எடுத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. போல்டர் என்று பெயர். மணல் குறைவாகச் செலவாகும். இந்தத் தெக்கோங்கில் நம் பிள்ளைகள் பெரும்பாலோர் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் மொட்டையடித்துக்கொண்டு வியர்வை சிந்தியிருப்பார்கள். நானும்தான். அங்கே ஒரு காலத்தில் கம்பங்கள் (கிராமங்கள்), பள்ளிக்கூடங்கள், கடைத்தெரு எல்லாம் இருந்தன, 1980களில்தான் கடைசி ஆட்கள் வெளியேறினார்கள் என்று எங்கள் செக்‌ஷனில் யாருக்கும் தெரிந்திருக்காது. சார்ஜன்ட் பேய்க்கதை மட்டும் சொன்னார்.

சரி, இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. எனக்கு இதை வேறு பக்கத்திலிருந்து காட்டியவர் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா பக்கம் நான் சாப்பிடும் கடையில் பழக்கமானவர். மீன் குழம்பு வைத்தால் முதலில் துண்டத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். "ஐஸ்ல ரொம்ப நாள் கெடந்ததுண்ணே" என்று ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். ஊர், தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவில் ஒரு மீனவ கிராமம். வேலை, கம்பி கட்டுவது. துவாஸ் துறைமுகத்துக்குக் கடலில் இறக்கும் கான்கிரீட் பெட்டிகள் இருக்கின்றனவே, கேசன் என்பார்கள், அந்த வேலையில் இருந்தவர். துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு மட்டும் அப்படி 221 பெட்டிகள் இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம், 15,000 டன். பத்து மாடிக் கட்டடத்தைக் கட்டி அப்படியே கடலில் மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைப்பதை அவர் வாயால் கேட்க வேண்டும். கப்பல் கட்டியவரின் பெருமை அவர் குரலில் இருக்கும்.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவி வந்து போனை நீட்டினார். ஊரிலிருந்து அம்மா எடுத்து அனுப்பிய வீடியோ. ஒரு தென்னை மரம், வேர் பாதி அந்தரத்தில் தொங்குகிறது. அதன் கீழே மணலில் துணி துவைக்கிற கல் சரிந்து கிடக்கிறது. அது வீட்டுக் கொல்லையில் கிடந்த கல்லாம். கேமரா திரும்பினால் கருங்கல் குவியல், அதற்கு அந்தப் பக்கம் உடனே தண்ணீர். அம்மா பேசுவது காற்றில் சரியாகக் கேட்கவில்லை. "கல்லு கொட்டிட்டாங்க பாருங்க, ஊரைக் காப்பாத்திட்டாங்க" என்று சிரித்தார் தம்பி. சிரிப்பில் கொஞ்சமும் சந்தோஷமில்லை.

கல் கொட்டினால் நல்லதுதானே என்று கேட்டேன். அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது.

மீனவ கிராமத்துக்குக் கரை என்பது வேடிக்கை பார்க்கிற இடமில்லை. அதுதான் தொழிற்கூடம். ஃபைபர் போட்டை ஏற்றி வைக்க மணல் வேண்டும். வலையை விரித்துப் பொத்தல் பார்க்க, கருவாடு காயவைக்க, மீன் இறங்கியதும் ஏலம் விட, எல்லாவற்றுக்கும் அந்தச் சரிவான மணல்தான். கடல் அரித்து உள்ளே வந்தால் மணல் குறைகிறது. மிச்சமிருக்கும் மணலின் மேல் அரசு லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டுகிறது. வீடு தப்பிக்கும். போட்டை எங்கே ஏற்றுவது? அலை கல்லில் மோதித் திரும்புகிற இடத்தில் போட்டைக் கொண்டுவந்தால் அடி உடையும். "பக்கத்து ஊர்ல ஏத்திக்கலாம்ணே. ஆனா அவங்க ஊர் பஞ்சாயத்து ஒத்துக்கணும். ஒரு வருஷம் விட்டாங்க. அடுத்த வருஷம் அவங்க கரையும் சுருங்கிடுச்சு, அவங்க போட்டுக்கே எடமில்ல." அதற்கப்புறம் அப்பா எஞ்சினை விற்றார். அந்தப் பணத்தோடு கடனும் சேர்த்து ஏஜென்ட்டுக்குக் கட்டி மகனை விமானம் ஏற்றினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் கிளம்பிய நாளில் வீடு விழவில்லை. இன்றும் விழவில்லை. தொழில் முதலில் போனது, ஆள் அப்புறம் போனான், வீடு இன்னும் நிற்கிறது. வெள்ளம் வந்து கூரையைத் தூக்கிப்போனால் செய்திக்காரர்கள் வருவார்கள், அதிகாரி வந்து பெயர் எழுதுவார். போட் ஏற்ற இடமில்லாமல் ஒருவர் எஞ்சினை விற்பதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. இங்கே வந்தபிறகு அவர் கையிலிருக்கும் வேலை அனுமதி அட்டையில் கட்டுமானத் துறை என்றிருக்கும். கடலால் பெயர்ந்தவர் என்று இருக்காது.

அவர்கள் குடும்பத்துக்கு 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு வீடு கிடைத்தது. அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடியும் அன்றைக்கு அந்த மாவட்டம்தான். புது வீடுகளைக் கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால்தான் கட்டித் தருவோம், வேண்டுமென்றால் கரையில் இருக்கும் பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. கரையிலேயே இருப்பவர்கள் இருக்கலாம், ஆனால் உதவி கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், தம்பியின் அப்பா சுனாமி குடியிருப்பில் ஒரு மாதம்கூடச் சரியாகத் தூங்கவில்லை. வாடைக் காற்று அடிக்கிறதா, கொண்டல் திரும்பிவிட்டதா என்று வாசலில் நின்று தெரிந்துகொள்ள முடியாத வீட்டில் மீனவன் என்ன செய்வான்? வலையும் எஞ்சினும் கரையில் கிடக்க, ஆள் உள்ளே படுத்தால் திருட்டுப் பயம் வேறு. திரும்பிப் போய்க் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டார். பெண்களும் பிள்ளைகளும் காலனியில், ஆம்பிளைகள் கரையில் என்று குடும்பம் இரண்டானது.

சென்னையில் இது இன்னும் மோசம். கடற்கரைக் குப்பங்களிலிருந்து செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் பஸ் டிக்கெட் வந்துவிட்டது.

கடல் மட்டத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போட என்னால் முடியாது. 1901க்கும் 2018க்கும் நடுவில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடிக்கொண்டே வருகிறது, அது உண்மை. ஆனால் தமிழ்நாட்டுக் கரையில் மனிதன் கைவைத்த கதை அதற்கு முந்தியது. அந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே ஒரு துறைமுகச் சுவரை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னையில் துறைமுகம் வந்து மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கரை போனது. புதுச்சேரியில் 1989இல் துறைமுகச் சுவர் வந்தது, நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. நகரத்துக்குக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அடுத்தடுத்த ஊர்களைத் தின்றது. அங்கே தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு, கேட்டு மறியல் நடக்கும். ஒரு ஊருக்குத் தூண்டில் வளைவு வந்தால் அதற்கு வடக்கே இருப்பவர்கள் அடுத்து மறியலுக்குத் தயாராக வேண்டியதுதான். காவிரியும் தன் பங்குக்கு மணல் கொண்டுவந்து கொட்டிய காலம் உண்டு. மேட்டூர் அணை 1934இல் வந்தது, பிறகு ஆற்றிலேயே மணலை அள்ளினார்கள், கடலுக்குப் போய்ச் சேருவது குறைந்துபோனது. இப்படி மெலிந்துபோன கரைமேல்தான் கடல் ஏறி வருகிறது.

மணல் என்றதும் சிங்கப்பூர்க்காரனான எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நம் குன்றுகள் தீர்ந்தபிறகு நாம் மணல் வாங்கினோம். மலேசியா 1997இல் நிறுத்தியது. இந்தோனேசியா 2003இல் கடல் மணலையும் 2007இல் நில மணலையும் நிறுத்தியது. மணல் அள்ளி அள்ளி நமக்கு எதிரே இருக்கும் நிப்பா தீவு மறைந்துவிடும் நிலைக்குப் போனது அவர்களை உலுக்கிவிட்டது. பிறகு கம்போடியா. கோ கோங் பக்கத்து நண்டு பிடிப்பவர்கள் நண்டு கிடைக்கவில்லை என்று புலம்ப ஆரம்பித்தபிறகு, 2017இல் அவர்களும் நிறுத்தினார்கள். எல்லாம் காசு கொடுத்து, முறையாக வாங்கியதுதான். ஆனால் கோ கோங்கில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு நகரத்துக்கு வேலை தேடிப் போனவருக்கும், தரங்கம்பாடிப் பக்கம் எஞ்சினை விற்றவருக்கும் நடந்தது ஒன்றுதான். நம் போல்டர் மணலைக் குறைக்கிறது என்பதை அதனால்தான் நான் வரவேற்கிறேன்.

எங்கள் தெலுக் பிளாங்கா புளோக்கில் ஒரு மலாய் மூதாட்டி இருக்கிறார், மக்சிக் என்று கூப்பிடுவோம். பிறந்தது புலாவ் சுடோங்கில். தென்தீவுகளில் இருந்தவர்களை 1960களிலிருந்தே மெல்ல மெல்ல மெயின்லேண்டுக்கு மாற்றினார்கள். சுடோங் மக்கள் 1970களின் பின்பாதியில் வந்தார்கள், கடைசியாக புலாவ் சேக்கிங் ஆட்கள் 1990களில் வந்தார்கள். சேக்கிங் இன்று செமாக்காவ் குப்பைத் தீவுக்குள் அடங்கிவிட்டது. சுடோங்கில் ராணுவம் குண்டு சுட்டுப் பழகுகிறது. மக்சிக் போய்ப் பார்க்கவே முடியாது. அவரைக் கடல் விரட்டவில்லை. கடலிலிருந்து எடுத்தார்கள்.

ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்தில் துணி காயப் போட்டுக்கொண்டே, "ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும், டிக்" என்பார் மலாயில். அங்கிருந்து கடல் தெரியாது, எதிர் புளோக்தான் தெரியும். பிறையைப் பார்த்துச் சொல்கிறார். நான் ஒரு முறை போனில் ஓத நேரத்தைத் தட்டிப் பார்த்தேன். கால் மணி நேரம் வித்தியாசம். யார் சரி என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

குறை சொல்பவரில்லை அவர். குழாயில் தண்ணீர் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், பேத்தி தாதி வேலையில் இருக்கிறாள். புயல் இரவில் கைக்குழந்தையோடு படகில் ஆஸ்பத்திரிக்கு வந்த கதையைச் சொல்லிவிட்டு, "அது ஒன்றும் சொர்க்கமில்லை" என்பார். கணவரைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் மாறும். சுறா எங்கே திரும்பும் என்று தெரிந்த மனிதர், கிடங்கில் காவலாளியாக உட்கார்ந்து ஓய்வு பெற்றார். வீட்டுக்குப் பதில் வீடு கொடுத்தார்கள், நல்ல வீடாகவே கொடுத்தார்கள். அவருக்குத் தெரிந்த வேலைக்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்று யாரிடமும் பதில் இல்லை. சுனாமி குடியிருப்பிலும் இல்லை.

உலக வங்கி 2021இல் ஒரு கணக்குச் சொன்னது: 2050க்குள் 216 மில்லியன் பேர் வரை காலநிலை மாற்றத்தால் தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம் மாறலாம் என்று. 1951 அகதிகள் உடன்படிக்கையில் கடலுக்கு இடமில்லை. இனம், மதம், அரசியல் என்று துன்புறுத்தல் இருந்தால்தான் அகதி. பசிபிக் தீவு நாடான கிரிபட்டியைச் சேர்ந்த யோவானே டெய்ட்டியோட்டா, என் தீவு மூழ்குகிறது என்று நியூசிலாந்தில் அடைக்கலம் கேட்டார், அனுப்பிவிட்டார்கள். 2020இல் ஐநா மனித உரிமைக் குழுவும் அந்த முடிவைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நிலைமை முற்றினால் இப்படி யாரையும் திருப்பி அனுப்ப முடியாமல் போகலாம் என்ற அளவுக்குக் கதவைத் திறந்துவைத்தது. இன்னொரு பசிபிக் தீவு நாடான துவாலுவுக்கு ஆஸ்திரேலியா வருடத்துக்கு 280 பேர் என்று தனி விசா கொடுக்கிறது. முதல் குலுக்கலுக்கு குடும்பத்தினரையும் சேர்த்து நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானவர்கள் பெயர் கொடுத்தார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரு விசா வர வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. இடமில்லாத தீவு என்ற பதில் எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஆட்கள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்கள். தம்பியின் விடுதியில் மேல் கட்டிலில் படுப்பவர் வங்காளதேசத்துப் போலா தீவுக்காரர். மேக்னா ஆறு கரையைத் தின்னத் தின்ன வீட்டைப் பின்னால் பின்னால் நகர்த்தி, நகர்த்த நிலம் தீர்ந்தபிறகு இங்கே வந்தவர். இரண்டு பேரும் ராத்திரியில் ஒருவருக்கொருவர் ஊர் வீடியோவைக் காட்டிக்கொள்வார்களாம். பாஷை அரைகுறைதான், வீடியோவுக்கு அது போதும். நாம் 100 பில்லியன் வெள்ளியில் எழுப்பப்போகும் சுவர்களில் கம்பி கட்டப் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கைகள்தான். பெர்மிட் முடிந்தால் சுவர் இங்கே நிற்கும், அவர்கள் சுவரில்லாத கரைக்குத் திரும்ப வேண்டும். கடற்கரைப் பாதுகாப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டங்களில் சைக்கிள் பாதை எங்கே வரும், சதுப்புநிலம் என்ன ஆகும் என்று நாம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கம்பி கட்டுகிறவர் எந்தக் கரையிலிருந்து வந்தார் என்றும் ஒருவராவது கேட்கலாம்.

"இங்க கடல் வர்றதுக்கு முன்னாடியே செவுரு வைக்கிறாங்க. எங்க ஊர்ல வந்தப்புறம் கல்லு கொட்டுறாங்க" என்றார் தம்பி போன மாதம். கோபமாகச் சொல்லவில்லை. வேலைக்காரன் வேலையை ஒப்பிடுகிற தொனி. சுவர் வைத்தால் உங்கள் ஊரில் போட் ஏற்ற முடியாதே என்றேன். "அதையும் யோசிச்சுக் கட்டணும்ணே. நடுவுல எடம் விட்டுக் கட்டலாம், கட்டத் தெரியாதா என்ன?" என்று சாம்பார் கிண்ணத்தையும் தண்ணீர் டம்ளரையும் நகர்த்தி மேசையில் வரைந்து காட்டினார். இரண்டு தூண்டில் வளைவு, நடுவில் மணல், போட் உள்ளே வரும் வழி. அலை எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் மணல் சேரும் என்று ஸ்பூனால் காட்டினார். ஊரில் கல் கொட்ட வந்தவர்கள் இதை உங்கள் அப்பாவிடம் கேட்டார்களா என்றேன். கையெழுத்து மட்டும் வாங்கினார்களாம்.

பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போகிறார். தங்கைக்குக் கல்யாணம் முடிக்க வேண்டும், அதற்கப்புறம் மயிலாடுதுறைப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு மனை வாங்க வேண்டும் என்பது திட்டம். அப்பா அங்கே வருவாரா என்றால் பதில் இல்லை. மனை விலையும் ஏறிவிட்டதாம். கரையோரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் கேட்கிறார்கள்.